மாஸ்டடானில் நம் பேச்சு ஏன் பாதியில் நின்றுபோகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எக்ஸ் தளத்தில் ஏதாவது ஒரு மாற்றம் வரும்போதெல்லாம் “மாஸ்டடானுக்குப் போய்விடலாம்” என்று தமிழில் எழுதுபவர்கள் பேசிக்கொள்கிறார்கள். மாஸ்டடான், எக்ஸைப் போலவே சிறு பதிவுகள் எழுதும் ஒரு சமூக ஊடகம். போகவும் செய்கிறார்கள். பத்துப் பதினைந்து நாளில் “அங்கே ஆளே இல்லை” என்று திரும்பிவிடுகிறார்கள். இந்தியாவிலிருந்து முதல் பெரிய அலை 2019 நவம்பரில் போனது. மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டதை ஒட்டி எழுந்த கோபம் அது. அடுத்தது 2022 அக்டோபர் இறுதியில், ஈலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கி முடித்தபோது உலகம் முழுவதும் எழுந்த அலை. இரண்டு முறையும் கணக்கு தொடங்கிய பலருக்கு அந்த இடம் எப்படி இயங்குகிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை. பழைய இடத்தின் பழக்கத்தோடு போய் உட்கார்ந்தார்கள். பேச்சு எழவில்லை. அதற்கான காரணங்கள் பெரும்பாலும் தொழில்நுட்பக் காரணங்கள்; சரிசெய்யக்கூடியவை. அவற்றைப் பொதுவெளியில் வைக்கவே இந்தக் கடிதம். இதில் உங்கள் நாளிதழ் செய்யக்கூடிய ஒரு வேலையும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மாஸ்டடான் என்பது ஜெர்மனியில் வாழும் ஆய்கன் ரோஷ்கோ 2016இல் வெளியிட்ட திறமூல மென்பொருள். யார் வேண்டுமானாலும் தம் சர்வரில், அதாவது இணையத்தில் எப்போதும் இயங்கும் கணினியில், அதை நிறுவிப் பிறருக்குக் கணக்கு தரலாம். சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் நெறிமுறையின் பெயர் ஆக்டிவிட்டிபப். வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் அதைப் பரிந்துரைத் தரமாக அறிவித்தது. படங்களுக்கான பிக்சல்ஃபெட், காணொளிக்கான பியர்டியூப், விவாதக் குழுக்களுக்கான லெம்மி ஆகியவையும் அதே நெறிமுறையில் பேசுகின்றன. இவை எல்லாம் சேர்ந்ததைத்தான் ஃபெடிவர்ஸ் என்கிறார்கள். அதனால் ஒருவரின் முகவரிக்கு இரண்டு பகுதிகள் உண்டு: @பெயர்@சர்வர். முதல் பகுதி ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றில்தான் இருக்க முடியும். பக்கத்தில் தெரியும் பெயரைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம்.

“ஆளே இல்லை” என்ற குறைக்கு வேர் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். ஓர் ஊர் அஞ்சலகத்துக்கு அந்த ஊர்க்காரர்களுக்கு வரும் கடிதங்கள் மட்டுமே வந்து சேரும். மாஸ்டடான் சர்வரும் அப்படித்தான். அந்தச் சர்வரில் கணக்கு வைத்திருக்கும் யாராவது ஒருவர் வெளியூர்க்காரர் ஒருவரைப் பின்தொடர்ந்தால்தான் அந்த வெளியூர்க்காரரின் பதிவுகள் அங்கே வரத் தொடங்கும். பின்தொடர்ந்த கணத்துக்கு முன் எழுதியவை பெரும்பாலும் வரா. நீங்கள் சேர்ந்த சர்வரில் தமிழ் எழுதுபவர் எவரையும் யாருமே பின்தொடரவில்லை என்றால், தமிழ் ஹேஷ்டேக் ஒன்றைத் தட்டிப் பார்த்தாலும் வெறும் பக்கம்தான் தெரியும். அதே ஹேஷ்டேக் வேறொரு சர்வரில் நிறைந்து கிடக்கலாம். புதிதாக வருபவர் இதை அறியாமல், முழு ஃபெடிவர்ஸிலும் தமிழ் இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்.

ஆகவே முதல் நாள் வேலை, கடிதங்களை வரவழைப்பது. குறைந்தது ஐம்பது பேரைப் பின்தொடருங்கள். தெரிந்த ஒருவரின் பின்தொடர்வோர் பட்டியலை அவருடைய சொந்தச் சர்வரின் பக்கத்திலேயே திறந்து பாருங்கள். உங்கள் சர்வரில் திறந்தால் பட்டியல் குறையாகத் தெரியும். 2022 நவம்பரில் வந்த 4.0 பதிப்பு முதல் ஹேஷ்டேக்குகளையும் பின்தொடர முடிகிறது. தமிழ், வாசிப்பு, பறவைகள், சமையல் என்று உங்களுக்குப் பிடித்த ஏழெட்டுக் குறிகளைப் பின்தொடர்ந்து வையுங்கள். கணக்குக்குப் படமும் இரண்டு வரி அறிமுகமும் கட்டாயம் வேண்டும். வெற்றுக் கணக்கைப் பார்த்தால் அங்குள்ளவர்கள் போலிக் கணக்கு என்றே எண்ணுவார்கள். அறிமுகப் பதிவு ஒன்றை எழுதி, பக்கத்தின் தலையில் குத்தி வையுங்கள். ஐந்து பதிவுகள் வரை அப்படிக் குத்தி வைக்கலாம்.

இன்னொன்று, பலர் தவறவிடுவது. 2023 செப்டம்பரில் வந்த 4.2 பதிப்புக்கு முன் அடுத்தவரின் பதிவுகளுக்குள் சொல் தேடும் வசதியே கிடையாது. ஹேஷ்டேக் மட்டும்தான் தேடலில் சிக்கும். அந்தப் பதிப்பு முதல் தேடலாம். ஆனால் எழுதியவர் அனுமதித்தால்தான். அமைப்புகளில் தனியுரிமை பற்றிய பக்கத்துக்குப் போய், ‘பொதுப் பதிவுகளைத் தேடல் முடிவுகளில் சேர்’ என்ற பெட்டியில் நீங்களாக டிக் போட வேண்டும். போடாவிட்டால் எத்தனை அருமையாக எழுதினாலும், ஹேஷ்டேக் இல்லாத பதிவு தேடும் அந்நியர் எவர் கண்ணிலும் படாது. தொல்லை கொடுப்பவர்கள் ஒரு சொல்லைத் தேடிக் கூட்டமாக வந்து இறங்குவதைத் தடுக்கவே இப்படி வைத்திருக்கிறார்கள். அந்த அக்கறை நியாயமானது. எனினும் பேச வந்தவர்கள் இதைத் திறந்து வைப்பது நல்லது.

அடுத்தது விருப்பக்குறி. எக்ஸிலும் ஃபேஸ்புக்கிலும் ஒரு பதிவுக்கு லைக் போட்டால் நிறுவனத்தின் கணக்கீடு அதை வேறு பலருக்கும் காட்டும். மாஸ்டடானின் முகப்பு வரிசையில் அப்படிக் கணக்கீடு எதுவும் இல்லை. பதிவுகள் நேர வரிசையில் வருகின்றன. நீங்கள் போடும் நட்சத்திரம் எழுதியவருக்கு அறிவிப்பாகப் போகும். உங்களைப் பின்தொடர்வோரின் முகப்புக்குப் போகாது. பதிவைப் பரப்புவது பூஸ்ட் ஒன்றுதான்; அடுத்தவர் பதிவை உங்களைப் பின்தொடர்வோருக்கு அப்படியே பகிர்வது அது. நூறு பேர் நட்சத்திரம் போட்டு ஒருவரும் பூஸ்ட் செய்யாத பதிவு, எழுதியவரின் வட்டத்தைத் தாண்டுவது அரிது. தமிழ் வாசகர்கள் பூஸ்ட் செய்யத் தயங்குகிறார்கள். தன் பக்கம் அடுத்தவர் எழுத்தால் நிறைந்துவிடும் என்ற கூச்சம். அங்கே அந்தக் கூச்சம் தேவையில்லை. ஒருநாளில் நீங்கள் எழுதுவதைவிட இரண்டு மூன்று மடங்கு பூஸ்ட் செய்வது அங்கு இயல்பான நடத்தை. ஊர்கூடி ஒரு குறியை ட்ரெண்ட் செய்யும் ரசிகர் பழக்கமும் அங்கே பலிக்காது. ட்ரெண்ட் பட்டியல் சர்வருக்குச் சர்வர் வேறு. ஒரு புதிய குறி அந்தப் பட்டியலில் ஏற வேண்டுமானால் வழக்கமாக நிர்வாகி ஒப்புதல் தர வேண்டும்.

பதில்கள் காணாமல்போவது இன்னொரு குழப்பம். ஒரு பதிவின் கீழ் உங்கள் சர்வரில் மூன்று பதில்கள் தெரியும்; எழுதியவரின் சர்வரில் பதினேழு இருக்கும். விடுபட்ட பதினான்கும் உங்கள் அஞ்சலகத்துக்கு வராதவை. விளைவு என்னவென்றால், ஏற்கெனவே நான்கு பேர் சொல்லிவிட்ட விளக்கத்தையே ஐந்தாவதாக நீங்களும் எழுதுவீர்கள், கேட்டவர் சலித்துப்போவார். புதிய பதிப்புகள் விடுபட்ட பதில்களைத் தேடி எடுத்துக்கொள்கின்றன. எல்லாச் சர்வரும் புதிய பதிப்பில் இல்லை. பதில் எழுதுமுன் பதிவின் மெனுவிலிருந்து மூலப் பக்கத்தைத் திறந்து பார்ப்பதே பாதுகாப்பான வழி. வேறெங்கோ கண்ட பதிவுக்கு உங்கள் கணக்கிலிருந்து பதில் சொல்ல வேண்டுமானால், அதன் இணைய முகவரியை நகலெடுத்து உங்கள் சர்வரின் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். சர்வர் போய் அந்தப் பதிவை எடுத்து வரும். பிறகு வழக்கம்போலப் பதில் எழுதலாம்.

இனி, தமிழுக்கே உரிய சிக்கல்கள். இவற்றை விரிவாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் உள்ள வழிகாட்டிகளில் இவை இருப்பதில்லை.

நம் மொழியில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது. “#சென்னையில் மழை” என்று எழுதினால் குறி ‘சென்னையில்’ என்றாகிவிடும். ‘சென்னை’ என்ற குறியைப் பின்தொடர்பவருக்கு அந்தப் பதிவு போகாது. ‘சென்னைக்கு’, ‘சென்னையிலிருந்து’, ‘சென்னையின்’ எல்லாம் தனித்தனிக் குறிகள். வாக்கியத்துக்குள் குறி வைப்பதை விட்டுவிட்டு, பதிவு முடிந்தபின் தனி வரியில் எழுவாய் வடிவத்திலேயே குறிகளை எழுதுங்கள். கடைசி வரியில் உள்ள குறிகளை மாஸ்டடான் தனிப் பட்டையாகப் பிரித்துக் காட்டும்; படிப்பவருக்கும் இடைஞ்சல் இருக்காது. இரண்டு சொற்களைச் சேர்க்கும்போது ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லையும் பெரிய எழுத்தில் தொடங்கச் சொல்வார்கள். பார்வையற்றவர்களுக்குத் திரையில் உள்ளதை உரக்கப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் சொற்களைப் பிரித்துப் படிக்க அது உதவும். நமக்குப் பெரிய எழுத்து கிடையாது. அடிக்கோடு இட்டு ‘#நாட்டு_விதைகள்’ என்று எழுதலாம். ஆனால் அடிக்கோடு உள்ளதும் இல்லாததும் வேறு வேறு குறிகள். எது ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது என்று தேடிப் பார்த்துவிட்டு அதையே கையாளுங்கள்.

எழுத்துக்குறியீட்டிலும் பொறிகள் உண்டு. ‘ஔவை’ என்பதை ‘ஔ’ என்ற ஓரெழுத்தால் எழுதுவோரும் உண்டு. ‘ஒ’வும் ‘ள’வும் சேர்த்து ‘ஒளவை’ என்று அடிப்போரும் உண்டு. கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோல் தெரியும். கணினிக்கு இரண்டும் வேறு. ‘ஸ்ரீ’யும் அப்படியே, யூனிகோடில் அதற்கு இரண்டு வடிவங்கள் உள்ளன, ஒன்று ‘ஸ’வில் தொடங்குவது, மற்றது ‘ஶ’வில் தொடங்குவது. விசைப்பலகைக்கு ஏற்ப எது வரும் என்பது மாறும். குறியில் இத்தகைய எழுத்து வந்தால் நீங்களாக அடிப்பதைவிட, பிறர் எழுதியதைத் தட்டி நகலெடுப்பது மேல்.

சொல் வடிகட்டியிலும் இதே கதை. தேர்தல் காலத்தில் அந்தப் பேச்சே வேண்டாம் என்று ‘தேர்தல்’ என்ற சொல்லை வடிகட்டியில் சேர்ப்பார்கள். ‘தேர்தலில்’, ‘தேர்தலுக்கு’ என்று வருபவை எல்லாம் தப்பித்து வந்துவிடும். காரணம், ‘ல்’ என்பது கணினிக்கு ‘ல’வும் புள்ளியும். உருபு சேரும்போது புள்ளி போய் ‘லி’, ‘லு’ ஆகிவிடுவதால் நீங்கள் தந்த வரிசை பொருந்துவதில்லை. புள்ளியை நீக்கி ‘தேர்தல’ என்று சேருங்கள்; ‘முழுச்சொல் மட்டும்’ என்ற பெட்டியில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். அப்போது எல்லா வடிவங்களும் அகப்படும். மெய்யெழுத்தில் முடியும் எந்தச் சொல்லுக்கும் இதே முறைதான். மகரத்தில் முடிபவற்றில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும்: ‘படம்’, ‘படத்தில்’ என்று அடிச்சொல்லே மாறுவதால் ‘படம’, ‘படத்த’ என இரண்டையும் தர வேண்டியிருக்கும்.

எழுத்து எண்ணிக்கையில் தமிழுக்கு நல்ல செய்தி. மாஸ்டடானின் இயல்பு வரம்பு 500. அது உயிர்மெய்யை ஓரெழுத்தாகவே எண்ணுகிறது. ‘தமிழ்’ என்றால் மூன்று. எக்ஸில் இதே சொல்லுக்கு ஐந்து கணக்கு. மெய்ப்புள்ளியும் இகரக் குறியும் தனித்தனியாக எண்ணப்படும். 280இல் எழுத்துக்கு எழுத்து சுருக்கி எழுதிப் பழகியவர்கள், அங்கே ஒரு முழுப் பத்தி எழுதலாம். எவ்வளவு நீளமான இணைப்பானாலும் 23 எழுத்தாகவே எண்ணப்படும். தமிழில் முகவரி வைத்திருக்கும் செய்தித்தளங்களுக்கு இது பெரிய உதவி. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் முகவரியில் ஒன்பது எழுத்தாக விரிவதால் அத்தகைய இணைப்புகள் அரைப் பக்கம் ஓடும்.

பதிவின் மொழியைத் தேர்வதும் முக்கியம். எழுதும் பெட்டியில் ஒரு சிறு மொழிப் பொத்தான் இருக்கிறது. அது ஆங்கிலத்திலேயே நிற்க, எழுத்து மட்டும் தமிழில் இருந்தால் மூன்று கேடுகள். சர்வருக்கு வந்துசேரும் பொதுப் பதிவுகளைக் காட்டும் பொது வரிசையில், தமிழ்ப் பதிவுகளை மட்டும் காட்டு என்று வடிகட்டி வைத்திருப்பவர்களுக்கு உங்கள் பதிவு தெரியாது. ஆங்கில இடைமுகத்தில் படிப்பவருக்கு மொழிபெயர்ப்புப் பொத்தான் வராது. பார்வையற்றவர்களின் திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலில் தமிழைப் படிக்க முயன்று உளறும். ஒருமுறை அமைப்புகளில் இயல்பு மொழியைத் தமிழ் என்று மாற்றிவிட்டால் போதும்.

பதிவுக்கு நான்கு வகை வெளிப்பாடு உண்டு: எல்லோருக்கும்; பொதுவில் இருக்கும், ஆனால் பொது வரிசையிலும் ஹேஷ்டேக்கிலும் வராது; பின்தொடர்வோருக்கு மட்டும்; குறிப்பிட்டவர்களுக்கு மட்டும். இரண்டாவது வகையில் ஹேஷ்டேக் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் ஏராளம், பயன் இல்லை. மூன்றாவதைப் பாதுகாப்பு என்று நம்புவோர், யார் வேண்டுமானாலும் பின்தொடரலாம் என்ற நிலையிலேயே கணக்கை வைத்திருக்கிறார்கள். பின்தொடரும் கோரிக்கைகளை நீங்களே ஏற்கும்படி பூட்டி வைத்தால்தான் அந்தப் பதிவுக்கு அர்த்தம் உண்டு. நான்காவதில்தான் உண்மையான ஆபத்து. அது எக்ஸில் உள்ள தனிச்செய்தியைப் போன்ற தனி அறை கிடையாது. குறிப்பிட்டவர்களுக்கு மட்டும் போகும் சாதாரணப் பதிவு. நண்பருக்கு எழுதும்போது மூன்றாம் மனிதர் ஒருவரை முழு முகவரியோடு @ போட்டுக் குறிப்பிட்டால், அந்த மூன்றாம் மனிதருக்கும் அது போய்விடும். அவரைப் பற்றி அவருக்கே புகார் எழுதிய நிலை ஆகிவிடும். அப்படி எழுத நேர்ந்தால் @ இல்லாமல் பெயரை மட்டும் எழுதுங்கள். மேலும் இவை முனையிலிருந்து முனைவரை மறையாக்கப்படுபவை அல்ல. இரு பக்கச் சர்வர் நிர்வாகிகளும் நினைத்தால் படிக்க முடியும். வங்கி விவரம், முகவரி, அலைபேசி எண் எதையும் அதில் அனுப்ப வேண்டாம். சிக்னல் போன்ற செயலிக்கு மாறுங்கள். அழித்தாலும் நிச்சயம் இல்லை. அழிக்கும்படி மற்றச் சர்வர்களுக்குக் கோரிக்கை போகும். அந்த நேரத்தில் இயங்காமல் இருந்த சர்வரில் பதிவு தங்கிவிடலாம்.

நடத்தை பற்றிச் சில. படத்துக்கு விளக்கம் எழுதுவது அங்கே மரியாதையின் முதல் படி. 1,500 எழுத்து வரை இடம் உண்டு. விளக்கம் இல்லாத படத்தைப் பூஸ்ட் செய்வதில்லை என்று பலர் கொள்கையாகவே வைத்திருக்கிறார்கள். “ஒரு படம்” என்று எழுதுவதால் யாருக்கும் பயன் இல்லை. நாளிதழ்க் கத்தரிப்பைப் போட்டால் தலைப்பையும் முக்கிய வரிகளையும் எழுதுங்கள். நிழற்படமானால் யார், எங்கே, என்ன செய்கிறார்கள் என்று ஒரு வாக்கியம். இது பார்வையற்றவர்களுக்கு மட்டுமல்ல, இணைய வேகம் குறைந்து படம் திறக்காத பேருந்துப் பயணிக்கும் உதவுகிறது. அடுத்து, உள்ளடக்க எச்சரிக்கை. விபத்து, வன்முறை, சூடான அரசியல், திரைப்பட முடிவு ஆகியவற்றை ஒரு வரித் தலைப்பின் கீழ் மடித்து வைக்கலாம். தலைப்பு தெளிவாக இருக்க வேண்டும்: ‘சாலை விபத்து, காயம்’ என்று எழுதினால் திறப்பதா வேண்டாமா என்று படிப்பவர் முடிவு செய்வார், ‘அடக்கடவுளே’ என்று எழுதினால் முடியாது. ஆனால் தம் மேல் நிகழும் சாதிக் கொடுமையையோ இனவெறியையோ சொல்பவரிடம் போய் “இதை மடித்து வையுங்கள்” என்று அந்நியர்கள் அறிவுரை சொல்வது பெரும் தவறு. ஃபெடிவர்ஸில் இது திரும்பத் திரும்ப நடந்து, கறுப்பினத்தவர் பலரை வெளியேற வைத்திருக்கிறது. வேண்டாதவர் தம் வடிகட்டியில் சேர்த்துக்கொள்ளட்டும்.

மேற்கோளிட்டு எழுதும் வசதி மாஸ்டடானில் நெடுங்காலம் இல்லை. கூட்டம் சேர்த்து ஒருவரைத் தாக்க அது பயன்படுகிறது என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. 2025இல்தான் வந்தது, அதுவும் தம் பதிவை யார் மேற்கோளிடலாம் என்று எழுதியவரே தீர்மானிக்கும்படி. யாரேனும் தம் பதிவை மேற்கோளிலிருந்து விலக்கிக்கொண்டால் கோபிக்க வேண்டாம். அது அவர் உரிமை.

புகார் அளிப்பதில் ஒரு நுட்பம். வேறு சர்வரில் உள்ளவர் மேல் புகார் தரும்போது ‘அந்தச் சர்வருக்கும் அனுப்பு’ என்றொரு தெரிவு வரும். அதைத் தேர்வு செய்யாவிட்டால் உங்கள் நிர்வாகி மட்டுமே பார்ப்பார். அந்த ஊர் நிர்வாகிக்குச் செய்தியே தெரியாது. அனுப்பும்போது உங்கள் பெயர் போகாது, சர்வரின் பெயர்தான் போகும். தமிழ் வசவின் பொருள் ஒரு ஜெர்மன் நிர்வாகிக்கு எப்படி விளங்கும்? கருத்துப் பெட்டியில் அந்தச் சொல் என்ன, எந்தச் சாதியை அல்லது யாரை இழிவுபடுத்துகிறது என்று இரண்டு வரி ஆங்கிலத்தில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் புகார் அப்படியே மூடப்படும்.

சர்வரைத் தேர்வது இவ்வளவு முக்கியமாவது இதனால்தான். சேருமுன் அதன் அறிமுகப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்: நடத்துபவர் யார், விதிகள் என்ன, எந்தெந்தச் சர்வர்களைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். மாஸ்டடானின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இடம்பெறும் சர்வர்கள் ஓர் உடன்படிக்கையை ஏற்க வேண்டும்: நாள்தோறும் காப்புப் பிரதி, அவசரத்தில் உள்ளே போகக்கூடிய இரண்டாம் ஆள் ஒருவராவது, மூடுவதானால் மூன்று மாத முன்னறிவிப்பு. இவை வெறும் சடங்கு விதிகள் அல்ல. 2024 பிப்ரவரியில் இணைய முகவரியின் கடைசியில் வரும் ஆப்கானிஸ்தானின் நாட்டுக்குறியீட்டில் பெயர் வாங்கியிருந்த ஒரு சர்வரின் பெயரைத் தாலிபான் நிர்வாகம் முடக்கியது. சர்வர் அப்படியே நின்றது. பெயர் அழகாக இருக்கிறதே என்று அறிமுகமில்லாத நாட்டின் குறியீட்டை எடுப்பதில் உள்ள கேடு அது.

இடம் மாறும் வழியை முன்கூட்டியே தெரிந்து வைத்திருங்கள். புதிய சர்வரில் கணக்கு தொடங்கி, அமைப்புகளின் கணக்குப் பகுதியில் ‘வேறு கணக்கிலிருந்து வருகிறேன்’ என்ற இடத்தில் பழைய முகவரியைப் பதிய வேண்டும். பிறகு பழைய கணக்கில் பின்தொடர்பவை, தடுத்தவை, புத்தகக்குறிகள், பட்டியல்கள் ஆகியவற்றைச் சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்புகளாக இறக்கிக்கொண்டு, புதியதில் ஏற்ற வேண்டும். கடைசியாகப் பழைய கணக்கில் ‘வேறு கணக்குக்குப் போகிறேன்’ என்ற இடத்தில் புதிய முகவரியும் கடவுச்சொல்லும் தந்தால், உங்களைப் பின்தொடர்வோர் தாமாக இடம் மாறுவார்கள். வரிசை தவறினால் வேலை நடக்காது. மாறிய பின் 30 நாளுக்கு மறுபடி மாற முடியாது. எழுதிய பதிவுகள் உடன் வரா. தனியாகக் காப்பகம் கேட்டு இறக்கி வைக்கலாம், ஏழு நாளுக்கு ஒருமுறை. மாற்றச் செய்தியை அனுப்ப வேண்டியது பழைய சர்வர் என்பதால், அது நின்றுபோன பிறகு எதுவும் செய்ய இயலாது. பழைய கணக்கை அழித்துவிட்டு வருபவர்கள் பின்தொடர்வோர் அனைவரையும் இழக்கிறார்கள்.

எக்ஸைப் போன்ற இன்னொரு தளமான ப்ளூஸ்கை பற்றியும் கேட்பார்கள். 2024 பிப்ரவரியில் அழைப்பு இல்லாமலே சேரலாம் என்று திறந்தார்கள். நெறிமுறை வேறு. வரம்பு 300 எழுத்து. அங்கும் உயிர்மெய் ஒன்றாகவே எண்ணப்படும். தேடல் எல்லோருக்கும் திறந்தது. தொடக்கத் தொகுப்பு என்று 150 பேர் வரை ஒரே தட்டலில் பின்தொடரத் தரலாம். அதனால் முதல் நாள் வெறுமை அங்கே குறைவு. மறுபக்கம், பின்தொடர்வோருக்கு மட்டும் என்ற பதிவு அங்கே இல்லை. நீங்கள் யாரைத் தடுத்தீர்கள் என்பதுகூடப் பொதுத் தகவல். நெறிமுறை திறந்ததாக இருந்தாலும் பெரும்பாலானோரின் கணக்குகள் இன்னும் ஒரே நிறுவனத்தின் கணினிகளில்தான் இருக்கின்றன. இரண்டையும் இணைக்கும் பாலம் உண்டு. அந்தப் பாலத்தின் கணக்கை நீங்கள் பின்தொடர்ந்தால்தான் உங்கள் பதிவுகள் அக்கரை போகும்.

இனி உங்கள் நாளிதழுக்கு. பிபிசியின் ஆய்வுப் பிரிவு 2023இல் தன் பெயரிலேயே ஒரு மாஸ்டடான் சர்வரைச் சோதனையாகத் தொடங்கியது. ஜெர்மனியின் கூட்டாட்சி அரசுத் துறைகளும் நெதர்லாந்து அரசும் தமக்கெனச் சர்வர் வைத்தன. இதில் பெரிய நன்மை ஒன்று: முகவரியின் இரண்டாம் பகுதியே நிறுவனத்தின் பெயராக இருப்பதால் போலிக் கணக்கு எடுபடாது, நீலக்குறிக்குப் பணமும் தேவையில்லை. பாடமும் ஒன்று: ஐரோப்பிய ஒன்றிய அமைப்புகளுக்காக 2022 ஏப்ரலில் தொடங்கிய சர்வர், பொறுப்பேற்று நடத்த ஆள் இல்லாமல் 2024 மே மாதத்தில் மூடப்பட்டது.

தனிச் சர்வர் கூட வேண்டியதில்லை. உங்கள் இணையதளம் வேர்ட்பிரஸ் என்ற தளம் நடத்தும் மென்பொருளில் இயங்கினால், அதில் கூடுதலாகச் சேர்க்கும் ஆக்டிவிட்டிபப் என்ற செருகுநிரலே போதும். அதை நிறுவி, அமைப்புப் பக்கத்தில் ‘தளத்தின் கணக்கு’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு செய்தியாளருக்கும் தனிக் கணக்கு என்ற தெரிவு பிறகு இருக்கட்டும். தலைப்பு, முதல் இரண்டு பத்தி, இணைப்பு என்று வடிவத்தை வையுங்கள். வெறும் தலைப்பும் இணைப்பும் மட்டும் கொட்டும் கணக்கைச் சில நாளில் ஒதுக்கிவிடுவார்கள். பிறகு ஏதாவது ஒரு மாஸ்டடான் கணக்கின் தேடலில் உங்கள் முகவரியை இட்டுச் சோதியுங்கள். கிடைக்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் நான்கில் ஒன்று. வேர்ட்பிரஸ் உட்கோப்புறையில் இருந்தால், கணக்கின் முகவரியைத் தேடி மற்றச் சர்வர்கள் கேட்கும் ‘வெப்ஃபிங்கர்’ கேள்வி தளத்தின் வேரில் பதிலின்றி நிற்கும். அங்கிருந்து திருப்பிவிட வேண்டும். பக்கங்களின் நகலைச் சேமித்து வேகமாகத் தரும் கேஷ் செருகுநிரல், சர்வர் கேட்கும் ஜேசான் என்ற கணினிக்கான தரவு வடிவத்துக்குப் பதில் மனிதர் படிக்கும் பக்கத்தை நீட்டும். தேடுபொறிகளுக்காகத் தளத்தைச் சீரமைக்கும் எஸ்இஓ செருகுநிரலில் ஆசிரியர் பக்கங்களை அணைத்து வைத்திருந்தால் செய்தியாளர் கணக்குகள் கிடைக்கா. பாதுகாப்புச் சுவர், பின்தொடரும் கோரிக்கைகளை ரோபோ என்று எண்ணித் தடுக்கும். தளத்தின் இணைய முகவரிப் பெயரை மட்டும் பின்னால் மாற்றாதீர்கள். அந்தப் பெயரே அடையாளம் என்பதால் பின்தொடர்வோர் அனைவரும் அறுந்துபோவார்கள்.

செய்தியாளர் பெயர் இணைப்பின் கீழ் தெரியவும் வழி உண்டு. பக்கத்தின் தலைப்பகுதியில் ‘ஃபெடிவர்ஸ்:கிரியேட்டர்’ என்ற மெட்டா குறியில் அவர் முகவரியைச் சேருங்கள். அவர் தம் மாஸ்டடான் கணக்கின் சரிபார்ப்புப் பக்கத்தில் உங்கள் தளத்தின் பெயரை அனுமதிக்க வேண்டும். இரண்டில் ஒன்று விட்டாலும் தெரியாது. ஓர் எச்சரிக்கை: பிரபலமான கணக்கு ஒன்று உங்கள் செய்தியைப் பகிர்ந்தால், முன்னோட்டப் படத்துக்காக நூற்றுக்கணக்கான சர்வர்கள் ஒரு நிமிடத்துக்குள் உங்கள் தளத்தைத் தட்டும். கேஷ் சரியாக இருந்தால் தாங்கும். அவற்றை ரோபோ என்று தடுத்தால் படமில்லாத வெற்று இணைப்புதான் மிஞ்சும்.

அந்தப் பக்கம் எழுதப்படும் பதில்கள் உங்கள் தளத்தின் கருத்துப் பகுதியில் வந்து ஒப்புதலுக்குக் காத்திருக்கும். அதைப் பார்க்கவும் பதில் சொல்லவும் ஒருவருக்கு நாளுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். எல்லாப் பகுதிகளையும் ஒரே நாளில் கொண்டுபோக வேண்டாம். இந்த வாசகர் கடிதப் பகுதிக்கு மட்டும் முதலில் ஒரு கணக்கு தொடங்கி, நாளுக்கு ஒரு கடிதம் என்று மூன்று மாதம் நடத்திப் பாருங்கள். கடிதம் எழுதியவரின் ஒப்புதலைப் பெற்று, பெயரும் ஊரும் போடலாமா என்று கேட்டபின் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்